"இது யாரு, மெட்ராஸ் ஆளா?": பேசும் பெட்டி தமிழ் படித்த கதை

கண்டக்குழியில் காத்து சீசன் வந்தால் கடலுக்கு மேலே கலர் கலராகப் பட்டங்கள் நிற்கும். பலகையில் ஏறி, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓடும் கைட் சேர்ஃபிங் விளையாட்டுக்காக வெளிநாட்டுக்காரர் கல்பிட்டிப் பக்கம் வருகிறார்கள். போன சீசனில் எங்களில் ஒருத்தியின் மாமாவுடைய கடைக்கு ஒரு ரஷ்யர் வந்தார். அவருக்கு இங்கிலிஷ் அவ்வளவு ஓடாது. ஃபோனை வாய்க்குக் கிட்டப் பிடித்து ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். இரண்டு செக்கன்ட் கழித்து ஃபோன் தமிழில் பேசியது: "எனக்கு இரண்டு தண்ணீர் பாட்டில்கள் வேண்டும்."

மாமாவுக்குக் கண் தெரியாது. சீனி வருத்தத்தில் பார்வை போய் ஆறு வருசம். குரல் வந்த பக்கம் திரும்பிக் கேட்டார்: "இது யாரு மவன், மெட்ராஸ் ஆளா?"

கடையில் நின்ற எல்லாரும் சிரித்தோம். விளங்காமலே ரஷ்யரும் சிரித்தார். தண்ணீர்ப் போத்தல் இரண்டையும் எடுத்துக் கொடுத்தாயிற்று. ஆனால் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. பேசியவர் ரஷ்யர், கேட்டவர் கண்டக்குழிக்காரர். இடையில் இந்த மெட்ராஸ் ஆள் எங்கிருந்து வந்தார்? ஒரு பெட்டிக்கு ஒரு மொழியைப் பேசப் பழக்குவது யார், எப்படி? நாங்கள் கலைப்பீடப் பிள்ளைகள். இலெக்ட்ரோனிக்ஸ் படித்தவர்கள் இல்லை. இருந்தாலும் தேடிப் பார்த்தோம். தேடியதில் கிடைத்தது மெசினைப் பற்றிய கதையைவிட, மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர்களைப் பற்றிய கதைதான்.

முதல் வாய்கள்

ரஷ்யாவிலிருந்தே தொடங்கலாம். சென்ற் பீற்றர்ஸ்பர்க் விஞ்ஞானக் கழகம் 1779ஆம் ஆண்டுக்கு ஒரு போட்டி வைத்தது. உயிரொலிகள் ஒன்றுக்கொன்று எதனால் வேறுபடுகின்றன என்று விளக்க வேண்டும், அவற்றை ஒலிக்கும் கருவி ஒன்றையும் செய்து காட்ட வேண்டும். பரிசை வாங்கியவர் கிறிஸ்டியான் கிராட்சென்ஸ்டைன். வெவ்வேறு வடிவத்தில் ஐந்து குழாய்கள் செய்தார். காற்றை ஊதினால் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ மாதிரிக் கேட்கும். அவ்வளவுதான், சொல் வராது.

அதே காலத்தில் வியன்னாவில் வொல்ஃப்காங் ஃபொன் கெம்பெலன் இன்னும் ஒரு படி போனார். சதுரங்கம் ஆடும் பொம்மை செய்து உலகத்தை ஏமாற்றினாரே, அதே ஆள்தான். ஆனால் பேசும் கருவியில் ஏமாற்று இல்லை. நுரையீரலுக்குத் துருத்தி, குரல்வளைக்கு ஒரு நாக்குத் தகடு, வாய்க்குக் கையால் மூடித் திறக்கும் ஒரு குழல். 1791இல் இதைப் பற்றி விரிவான புத்தகமே எழுதினார். அதில் அவர் சொன்ன ஒரு விசயம் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. இலத்தீன், பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள் அந்தக் கருவியில் சுலபமாக வந்தனவாம், ஜேர்மன் சொற்கள்தான் கஷ்டமாம். அதாவது பேசும் மெசின் பிறந்த நாளிலேயே சில மொழிகளுக்குச் சொந்தக்காரப் பிள்ளை, சில மொழிகளுக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளை.

இந்த இடத்தில் தமிழ்ப் பாட வகுப்பில் தூங்கிக்கொண்டே படித்த ஒன்று ஞாபகம் வந்தது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்று ஓர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நாக்கு, பல், இதழ், மூக்கு, அண்ணம் இவற்றோடு பட்டு எப்படி எழுத்தொலியாகிறது என்று அது சொல்கிறது. கெம்பெலன் துருத்தியும் குழலும் வைத்துச் செய்து பார்த்தது ஏறத்தாழ இதைத்தான். வாயைப் பற்றிய அறிவு எங்களிடம் இருந்தது. அதைப் பெட்டிக்குள் போடுவதற்கு ஆள்தான் வரவில்லை.

ஐம்பது டொலர் பேச்சு

1939இல் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வுகூடத்தின் ஹோமர் டட்லி 'வோடர்' என்ற மின்கருவியைக் காட்டினார். பியானோ மாதிரி விரலால் கட்டைகளை அழுத்த, காலால் மிதிக்க, அது பேசும். அதை இயக்கிய பெண்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். பேச்சு அப்போது விலை கூடிய சாமான்.

அதை மலிவாக்கியதில் எங்கள் தெற்காசியக் கை ஒன்றும் இருக்கிறது. கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்து, பிறகு பெல் ஆய்வுகூடத்துக்குப் போன பிஷ்ணு அடல் 1960களின் கடைசியில் ஒரு வழியில் வேலை செய்தார். ஜப்பானில் ஃபுமிதாடா இடாகுராவும் தனியாக அதே பக்கம் வந்துகொண்டிருந்தார். குரலை முழுசாகச் சேமிக்கத் தேவையில்லை, முன்னால் வந்த ஒலியை வைத்து அடுத்து வரப்போவதைக் கணிக்கலாம், தொண்டையின் வடிவத்தைச் சில எண்களாகச் சுருக்கி வைத்தால் போதும் என்பது அந்த வழி. நேரியல் முன்கணிப்பு என்று அதைச் சொல்கிறார்கள். 1978இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனி இதை ஒரே சில்லுக்குள் அடக்கி, 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற சிறுபிள்ளை விளையாட்டுச் சாமானாக ஏறத்தாழ 50 டொலருக்கு விற்றது.

ஆனால் அது உள்ளே போட்டு வைத்த சொற்களை மட்டும் சொல்லும். அடுத்து வந்த வொட்ராக்ஸ், எஸ்பி0256 போன்ற சில்லுகள் வேறு வகை. அவற்றுக்குள் சொற்கள் இல்லை, துண்டு ஒலிகள்தான். எஸ்பி0256இன் பிரபலமான வகையில் 64 இடங்கள்: ஐந்து மௌனம், மீதி 59 ஒலிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண்களை வரிசையாக அனுப்பினால் அது ஒலிகளைக் கோத்துப் பேசும். 1980களில் அமெரிக்காவில் ரேடியோ கடைக்குப் போய் இதை வாங்கி, வீட்டுக் கொம்பியூட்டரில் பூட்டிப் பேசவைத்த பொடியன்கள் ஏராளம்.

இங்கதான் சிக்கல். அந்த 59 ஒலிகளும் ஆங்கிலத்துக்கு வெட்டியவை. ரஷ்ய மொழி பேசவைக்க நினைத்தால் என்ன ஆகும்? ரஷ்யத்தில் ஒரே மெய் வன்மையாகவும் வரும், மென்மையாகவும் வரும். 'பிராத்' என்றால் சகோதரன், கடைசி ஒலியை அண்ணத்தில் ஒட்டி மென்மையாக்கினால் 'எடுத்துக்கொள்' என்ற வினை. ஆங்கிலச் சில்லுக்கு அந்த மென்மை தெரியாது. இல்லாததைக் கிட்டத்தட்டவான ஒலியால் ஒப்பேற்ற வேண்டும், வேறு வழியில்லை.

தமிழை அதே சில்லில் போட்டுப் பாருங்கள். 'வாழை'க்கு ழகரம் இல்லை, ஆங்கில ரகரத்தை வைத்துச் சமாளிக்கலாம். 'பல்லி'யும் 'பள்ளி'யும் ஒன்றாகிவிடும். 'மனம்', 'மணம்' வித்தியாசம் போயே போய்விடும். மலிவு விலையில் கிடைப்பது வாய்தான், ஆனால் இன்னொருவருடைய வாய்.

சில்லுக்கு வெளியே

வழி திறந்தது சில்லுக்கு வெளியே. கொம்பியூட்டர்கள் வேகமானதும் பேச்சு மென்பொருளாகிவிட்டது. ஜொனதன் டடிங்டன் என்ற பிரித்தானியர் 1995இல் ஏகோர்ன் என்ற சிறிய கொம்பியூட்டருக்காக ஒரு பேச்சு நிரலை எழுதினார். பிறகு அதைத் திருத்தி, 2006 அளவில் 'ஈஸ்பீக்' என்று எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். அதே 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பானைத் தொடங்கினார், நண்பர் ஜேம்ஸ் டே கூடச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் விலைக்கு விற்ற திரைவாசிப்பான் ஒன்று ஆயிரம் டொலர் அளவில் போனது. கண் தெரியாதவர் கொம்பியூட்டர் பாவிக்க மற்றவரைவிடக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதே இவர்களுடைய நியாயம். அதன் குரலாக உள்ளே போனது ஈஸ்பீக்.

ஈஸ்பீக்கின் அழகு குரலில் இல்லை. குரல் தகரத்துக்குள் பேசுவது மாதிரித்தான். ஆனால் ஒவ்வொரு மொழிக்கும் அதில் இரண்டு சாதாரண எழுத்துக் கோப்புகள் உண்டு. ஒன்று விதிக்கோப்பு: இந்த எழுத்து இந்த இடத்தில் வந்தால் இந்த ஒலி. மற்றது சொற்கோப்பு: விதிக்கு அடங்காத சொற்களின் பட்டியல். மொழி தெரிந்த ஒருவர் பொறுமையோடு உட்கார்ந்தால் திருத்தலாம். ரஷ்யமும் தமிழும் இப்படித்தான் அதற்குள் வந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரசியம். ரஷ்ய எழுத்து ஒலியை நன்றாகவே சொல்லும், ஆனால் சொல்லின் எந்த அசையை அழுத்த வேண்டும் என்று சொல்லாது. அழுத்தம் மாறினால் உயிரொலியே மாறிவிடும். அதற்கு விதி போட முடியாததால் ஈஸ்பீக்குக்கு ரஷ்ய அழுத்தத்துக்கென்றே தனியாக ஒரு பெரிய சொற்பட்டியல் தேவைப்பட்டது.

தமிழில் அழுத்தம் பெரிய பிரச்சினை இல்லை. எங்கள் ஓட்டை வேறிடத்தில். 'கடல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே ககரம், ஒலியோ மூன்று. இதற்கு விதி உண்டு: சொல்லின் தொடக்கத்தில் ஒன்று, மெல்லினத்துக்குப் பின் ஒன்று, உயிர்களுக்கு நடுவில் ஒன்று. மெசின் அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் 'பந்து' சரி, 'பஸ்'? 'காது' சரி, 'காந்தி'? 'தீ' சரி, 'தீபம்'? வெளியிலிருந்து வந்த சொற்களில் விதி உடைகிறது. எங்களுக்குத் தெரியும், எழுத்துக்குத் தெரியாது. ரஷ்யருக்கு அழுத்தம் மாதிரி எங்களுக்கு இது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மொழி பேசுகிறவர்கள் உட்கார்ந்து, சொல் சொல்லாகப் பட்டியல் போட வேண்டும்.

மெட்ராஸ் ஆள் எங்கிருந்து வந்தார்

பட்டியல் போட உட்கார்ந்தவர்கள் யார்? 2001 அளவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆட்கள் சிலர் 'சிம்பியூட்டர்' என்ற கையடக்கக் கொம்பியூட்டரை அறிவித்தார்கள். 9,000 இந்திய ரூபா அளவில் விற்க வேண்டும், வாசிக்கத் தெரியாத கிராமத்து ஆளுக்கும் பயன்பட வேண்டும் என்பது கனவு. வாசிக்கத் தெரியாதவருக்கு என்றால் பெட்டி பேசியாக வேண்டும். அதற்காக ரமேஷ் ஹரிஹரன் முன்னின்று 'த்வனி' என்ற பேச்சு நிரலை உருவாக்கினார்கள். சிம்பியூட்டர் நினைத்த அளவு விற்கவில்லை. ஆனால் த்வனி திறந்த மூலமாக இருந்ததால் சாகவில்லை. கேரளத்து சந்தோஷ் தோட்டிங்கல் அதைக் கையில் எடுத்து வளர்த்தார், அது பேசும் மொழிகளில் தமிழும் இருந்தது. மலிவுப் பெட்டி போய்விட்டது, அதற்காக எழுதிய வாய் மிஞ்சியது.

அதே கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணனின் குழு தமிழுக்கென்றே ஒரு பேச்சு நிரல் செய்து, 2001 கோலாலம்பூர் தமிழ் இணைய மாநாட்டில் 'திருக்குறள்' என்ற பெயரில் முன்வைத்தது. அதன்பின் சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி வழிநடத்த, இந்திய அரசின் பணத்தில் பல நிறுவனங்கள் சேர்ந்து தமிழ் உட்படப் பல மொழிகளுக்குக் குரல் செய்தன. அந்தக் குரல்களை என்விடிஏயிலும் பூட்டினார்கள். கூட்டிலிருந்து துண்டு ஒலிகளை எடுத்து ஒட்டும் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஓர் ஆளை ஸ்டூடியோவில் இருத்தி மணிக்கணக்காக வாசிக்கவைத்து, அந்த ஒலியிலிருந்து மெசினைப் பழக்கும் காலம் வந்தது.

மாமாவின் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. எந்த ஊர் ஆள் வாசித்தாரோ அந்த ஊர் வாய். எந்த ஊர் எழுத்தை வைத்துப் பழக்கினார்களோ அந்த ஊர்ச் சொல். அதனால்தான் 'பாட்டில்'. யாரும் சதி செய்யவில்லை. உட்கார்ந்தவர்கள் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

இங்கே யாருமே உட்காரவில்லை என்றும் சொல்ல முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் ருவன் வீரசிங்கவின் குழு 2007இல் 'ஃபெஸ்டிவல்-சி' என்ற சிங்களப் பேச்சு நிரலை வெளியிட்டது. எடின்பரோவில் உருவான 'ஃபெஸ்டிவல்' என்ற திறந்த மூல நிரலின் மேல் அது கட்டியது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று எழுதி வைத்த நாடு இது. ஆனால் சட்டத்தில் எழுதினால் மெசினுக்குத் தமிழ் வராது. இன்று மைக்ரோசொஃப்டின் இணையச் சேவையில் 'இலங்கைத் தமிழ்' என்றே குமார், சரண்யா என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன. நல்ல விசயம். ஆனால் அது கம்பனியின் மெசினில் இருக்கும் குரல். சிக்னல் ஒரு கோடும் காட்டாத ஊரில், பழைய லப்டொப்பில் இருக்கிற ஆளுக்கு உதவுவது உள்ளேயே இருக்கும் இலவசக் குரல்தான்.

ஒரு ஜனாஸா அறிவித்தல்

இதெல்லாம் வெறும் உச்சரிப்புக் கதை என்று நினைக்காதீர்கள். மாமா கண் தெரிந்த காலத்தில் தோணிக்குப் போனவர். கூடப் போன கூட்டாளி ஒருத்தர் போன வருசம் மௌத்தானார். ஜனாஸா அறிவித்தல் ஃபோனுக்கு ஒரு கோப்பாக வந்தது. வீட்டில் அந்நேரம் யாரும் இல்லை. ஃபோனை வாசிக்கவிட்டார். அது ஏதோ இங்கிலிஷ் எழுத்துகளாக ஓதிக்கொண்டே போனது. விளம்பரம் என்று நினைத்து மாமா நிப்பாட்டிவிட்டார். தொழுகை முடிந்து அடக்கியும் ஆன பிறகுதான் அவருக்குத் தெரியும்.

நடந்தது என்ன என்று பிறகு பார்த்தோம். அறிவித்தல் பாமினி எழுத்துருவில் அடித்தது. யூனிகோட் 1991இல் வெளிவந்த நாளிலிருந்தே அதில் தமிழுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பாமினியில் அடிக்கும்போது உள்ளே பதிவது தமிழ் எழுத்தே அல்ல, இங்கிலிஷ் எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். கண் உள்ளவருக்கு 'தமிழ்' என்று தெரிவது, மெசினுக்கு 'ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்'. எங்கள் நாட்டில் எத்தனையோ அறிவித்தல், துண்டுப்பிரசுரம், பாடக்குறிப்பு எல்லாம் இன்னும் இப்படித்தான். அடித்தவர் பாவம், அவருக்குத் தெரியாது. வாசிக்க முடியாமல் போகிறவர் யாரென்றும் அவர் யோசித்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் மாமாவுக்குப் பழைய லப்டொப் ஒன்றில் என்விடிஏ போட்டுக் கொடுத்தோம். ஈஸ்பீக் தமிழில் வாசித்தது. தகரக் குரல்தான், ஆனால் இரண்டு கிழமையில் மாமா அதை எங்களுக்கே விளங்காத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கப் பழகிவிட்டார். பிறகு புகார்கள் வந்தன. எங்கள் பக்கம் ஆங்கில 'ட்' ஒலியை 'ற்' போட்டும், 'டி'யை 'ரி' போட்டும் எழுதுவது பழைய வழக்கம். மெசினுக்கு அது தெரியுமா? 'ரிக்கற்' என்றால் 'ரிக்கர்' என்றது. 'மார்க்கற்' போனால் 'மார்க்கர்' ஆனது. 'ரின்மீன்' என்பது மாமாவுக்கு ஏதோ புது மீன் மாதிரிக் கேட்டது. "ஆயுசு முழுக்க கடல்ல கெடந்தவன், இப்பிடி ஒரு மீன நான் கேள்விப்பட்டதே இல்ல," என்றார். 'ஜும்ஆ'வும் 'துஆ'வும் கூட நடுவில் உடைந்தன.

என்விடிஏயில் பேச்சு அகராதி என்று ஒரு வசதி உண்டு. இந்தச் சொல் வந்தால் இப்படி வாசி என்று நாமே எழுதி வைக்கலாம். மூன்று பேர் மாமாவைச் சுற்றி உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். ரிக்கற் என்று வந்தால் டிக்கட் என்று வாசி. ரின்மீன் என்றால் டின்மீன். அன்றைக்கு அறுபது சொல் அளவில் சேர்ந்தது. எல்லாம் சரிவரவில்லை. சில ஒலிகளை எப்படி எழுதிக் கொடுத்தாலும் மெசின் தன் பாட்டுக்குத்தான் சொன்னது. 'மஃரிப்' இன்னும் எங்களைச் சுற்றவைக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போது விளங்கியது, 1980களில் ஆங்கிலச் சில்லில் வேறு மொழியைப் பேசவைக்கப் பாடுபட்டவர்கள் செய்ததும் இதே வேலைதான். இரவல் வாயை எடுத்து, சொல் சொல்லாகத் தன் மொழிக்கு வளைப்பது. பெட்டியின் விலை 50 டொலருக்கு இறங்கியது, பிறகு சும்மாவே கிடைத்தது. இறங்காதது ஒன்றுதான்: மொழி தெரிந்தவர் உட்கார்ந்து செலவழிக்கிற நேரம். அந்த நேரத்தை யார் கொடுக்கிறார்களோ அவர்களுடைய ஊர்தான் மெசினுக்குள் போகும்.

அகராதி அந்த ஒரு லப்டொப்பில் மட்டும் இருக்கிறது. அடுத்ததாக ஈஸ்பீக்கின் தமிழ்ச் சொற்கோப்புக்கு, எல்லாருக்கும் போய்ச் சேரும்படி, இந்தச் சொற்களைக் கொடுக்கப் பார்க்கிறோம். மன்னார்ச் சொல், மட்டக்களப்புச் சொல், மலையகச் சொல் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். அதுவரைக்கும் ஒன்று மட்டும் கேட்கிறோம்: அடுத்த முறை ஊருக்கு ஓர் அறிவித்தல் அடிக்கும்போது, தயவுசெய்து யூனிகோடில் அடியுங்கள்.